கண்ணுக்குள் ஒரு மறுகால்

நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்த மாணவர்களுக்கு மடை, மறுகால் ஆகிய சொற்களை விளக்க வேண்டியதில்லை. தேரூர்க் குளத்தையோ உங்கள் ஊர்க் குளத்தையோ நினைத்துக் கொள்ளுங்கள். குளத்துக்கு நீர் கொண்டுவரக் கால்வாய் உண்டு. வயலுக்கு நீர்விட மடை உண்டு. மழைக்காலத்தில் மிகுதியாகும் நீர் வெளியேற மறுகால் உண்டு. மறுகால் அடைபட்டுப் போனால் நீர்மட்டம் ஏறும்; கரைக்கு ஆபத்து வரும். பிற மாவட்டத்து மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியையோ கண்மாயையோ எண்ணிப் பார்த்தாலும் இது விளங்கும்.

நம் ஒவ்வொரு கண்ணிலும் இத்தகைய நீர் ஏற்பாடு ஒன்று உள்ளது. அதன் போக்கு தடைப்படுவதால் வருவதே கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய். அந்நோய்க்கு மருத்துவர்கள் கண்ணில் புதிதாக ஒரு மறுகால் வெட்டுவதுண்டு. அப்படி வெட்டிய வழியே நுண்ணுயிர்கள் உள்ளே வராமல் காப்பது எப்படி என்பதே நாம் இங்குப் பார்க்கப் போவது.

உள்ளே ஓடும் நீர்

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் படலம் கார்னியா. அதன் பின்னால், நடுவில் துளையுள்ள வண்ணத் திரை ஐரிஸ். அதற்கும் பின்னால் இருப்பது விழி லென்சு. கார்னியாவிலும் லென்சிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும் அல்லவா? ஆகவே அவற்றுக்கு உணவு கொண்டு செல்லத் தெளிந்த நீர் ஒன்று கண்ணுக்குள் ஓயாது சுரக்கிறது. இதற்கு முன்கண் நீர் என்று பெயர். அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணீர் கண்ணின் வெளிப்புறத்தை நனைப்பது. முன்கண் நீர் உள்ளே ஓடுவது.

இந்நீர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் சுரக்கிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். பெருக்கிப் பாருங்கள்: 3,600 மைக்ரோலிட்டர், அதாவது 3.6 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. ஐரிசும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற திசு ஒன்று இருக்கிறது. சுரந்த நீரின் பெரும்பகுதி அதன் வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது.

ஓம் விதியும் கண்ணும்

மின்சுற்றில் மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது என்று படித்திருப்பீர்கள். கண்ணிலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். நீர் சுரக்கும் வேகம் மின்னோட்டம் போன்றது. சல்லடைத் திசு மின்தடை போன்றது. சுரக்கும் வேகம் மாறாமல் இருக்க, வடியும் வழியில் தடை மிகுந்தால் கண்ணின் உள்ளழுத்தம் உயர வேண்டும். வேறு வழியில்லை.

இயல்பான கண்ணில் இவ்வழுத்தம், வளிமண்டல அழுத்தத்துக்கு மேல், 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. எனவே 21 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 28.6 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். உங்கள் பையிலுள்ள அளவுகோலின் உயரம்தான். இதற்கு மேலும் அழுத்தம் ஏறி நீடித்தால், கண்ணின் பின்புறத்திலுள்ள பார்வை நரம்பு நசிகிறது. அந்நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. சிலருக்கு அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு. ஆகவே மருத்துவர்கள் அழுத்தத்தோடு நரம்பையும் பார்த்தே நோயை உறுதி செய்வார்கள்.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. பெரும்பாலும் வலி இராது. முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப் பார்வை கடைசி வரை இருக்கும். எனவே நோயாளி உணர்வதில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் மூன்றில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைச் சோதித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று பேருக்கு இந்நோய் இருந்தது. பரவலாகக் காணப்படும் வகையினர் நூறு பேரில் 93 பேருக்கு அதுவரை தங்கள் நோயே தெரியாது!

எழும்பூரில் இட்ட துளை

சொட்டு மருந்தாலும் லேசர் ஒளியாலும் அழுத்தம் குறையாதபோது அறுவை சிகிச்சை செய்வார்கள். இதன் வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், 1909இல் கார்னியாவும் வெண்விழியும் சேரும் ஓரத்தில் ஒரு சிறு வட்டத் துளையிட்டு நீரை வெளியேற்றும் முறையைக் கையாளத் தொடங்கினார். 1913இல் இதைப் பற்றி நூலும் எழுதினார். எலியட் முறை பல நாடுகளுக்குப் பரவியது.

துளை வழியே வரும் நீர் கன்னத்தில் வழிந்து விடாதா என்று கேட்கலாம். வழியாது. வெண்விழியின் மேல் கன்ஜங்டைவா என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. நீர் அச்சவ்வின் அடியில் ஒரு சிறு கொப்புளமாகத் தேங்கி, சுற்றியுள்ள திசுக்களால் மெல்ல உறிஞ்சப்படும்.

ஆனால் எலியட் முறையில் ஒரு குறை தென்பட்டது. கொப்புளத்தின் சுவர் நாளடைவில் மிகவும் மெலிந்தது. நல்லபடி நடந்து முடிந்த சிகிச்சைக்குப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துத் திடீரெனச் சீழ் பிடித்துக் கண்கள் பறிபோயின. அன்று ஆண்டிபயாட்டிக் மருந்துகள் இல்லை. பெனிசிலினின் ஆற்றலை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டதே 1928இல்தான். பிறகு 1968இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கெய்ன்ஸ் என்ற மருத்துவர், துளையின் மேல் வெண்விழியாலேயே ஒரு மூடியும் அமைக்கும் முறையை வெளியிட்டார். நீர் பீறிடாமல் கசிந்து வந்தது. டிரபெக்குலெக்டமி எனப்படும் இம்முறையே இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது.

வாசலில் காத்திருப்பவர்கள்

நம் இமையோரங்களிலும் கன்ஜங்டைவாவிலும் நுண்ணுயிர்கள் எப்போதும் வாழ்கின்றன. இவற்றுள் முதன்மையானது ஸ்டெபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியம். தோலில் குடியிருக்கும் இது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. கண்ணுக்குக் காவலும் பலமாக உண்டு. இமை ஒவ்வொரு முறையும் துடைத்துத் தள்ளுகிறது, கண்ணீர் கழுவுகிறது. கண்ணீரிலுள்ள லைசோசைம் என்ற நொதி பல பாக்டீரியங்களின் சுவரையே கரைக்கிறது. இதைக் கண்டு 1922இல் வெளியிட்டவரும் பிளெமிங்தான். இவற்றையும் மீறிக் கண்ணின் தடித்த சுவர் கோட்டை மதிலாக நிற்கிறது.

மறுகால் வெட்டுவது இம்மதிலில் வழி வைப்பதாகும். கண்புரை அறுவையிலும் கண்ணைத் திறக்கிறார்கள். ஆனால் அந்தக் காயம் சில வாரங்களில் ஆறி மூடிவிடும். கிளாக்கோமா அறுவையில் வழி மூடக்கூடாது. மூடினால் சிகிச்சை வீண். இதனால்தான் இங்கே கிருமி பற்றிய கவலை வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

சில கண்களில் துளை தழும்பேறி மூடிக்கொள்ளும். அதைத் தடுக்க அறுவையின்போது மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நிமிடங்கள் தொட்டு வைப்பார்கள். தழும்பு குறைகிறது, ஆனால் கொப்புளச் சுவரும் இரத்த ஓட்டம் குன்றி மெலியக் கூடும். வழி நன்கு திறந்திருக்க வேண்டும், சுவரும் வலுவாக இருக்க வேண்டும் என்ற இரண்டுக்கும் நடுவே மருத்துவர் அளவு பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. கொப்புளத்தைப் பெரும்பாலும் மேலிமையின் அடியில் அமைப்பதற்கும் காரணம் உண்டு. இமை அதைப் போர்த்திக் காக்கிறது. கீழ்ப்புறம் அமைந்தால் தொற்று மிகுதி என்பது அனுபவம்.

நீர் உள்ளிருந்து வெளியே ஓடும்போது கிருமி எப்படி எதிர்நீச்சல் போடும்? நல்ல கேள்வி. ஓட்டம் மிக மெல்லியது என்பதை மறந்துவிடாதீர்கள். மெலிந்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால், அந்த ஈரத்தில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு பெருகும். ஓட்டை இல்லாத மெல்லிய சுவரையும் அவை ஊடுருவலாம். கண்ணைக் கசக்கினால் அழுத்தம் ஏறித் தாழ்கிறது. தாழும் கணத்தில் வெளி ஈரம் உட்புகவும் இடமுண்டு.

அறுவை முடிந்த சில வாரங்களுக்குள் வரும் தொற்றுக்குத் தோலில் வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் வகைகளே பெரும்பாலும் காரணம். ஆண்டுகள் கழித்து வரும் தொற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்றவை மிகுதி. இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்குபவை. வேகமாகக் கண்ணைக் கெடுப்பவை.

ஓர் இரவில் நடப்பது

தகுந்த சூழ்நிலையில் சில பாக்டீரியங்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கின்றன. இரவு 10 மணிக்கு ஒன்று இருந்தால் காலை 5 மணிக்குள் 21 தடவை பிளந்திருக்கும். 2ஐ 21 தடவை பெருக்கினால் வருவது 20,97,152! கண்ணுக்குள் எல்லாக் கிருமிகளும் இவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதில்லை. என்றாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை இக்கணக்கு காட்டும்.

தொற்று கொப்புளத்தோடு நிற்கும்வரை ஆண்டிபயாட்டிக் சொட்டு மருந்தால் பெரும்பாலும் குணமாகும். லென்சுக்குப் பின்னால், கண்ணின் பெரும்பகுதியை நிரப்பியுள்ள கூழ்மத்துக்குள் புகுந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே இரத்தக் குழாய்கள் இல்லை. வெள்ளணுப் படை வந்து சேரத் தாமதமாகிறது. மாத்திரையாக விழுங்கும் மருந்தும் போதிய அளவு எட்டுவதில்லை. எனவே மருந்தை ஊசி மூலம் கண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள்.

இத்தகைய தொற்று அரிதே. அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வில், டிரபெக்குலெக்டமி செய்துகொண்டவர்களுள் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே உட்கண்ணில் தொற்று கண்டது. ஆகவே இதற்கு அஞ்சி அறுவையைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. சிகிச்சையின்றி விட்ட கிளாக்கோமா மெல்ல மெல்லப் பார்வையைப் பறிக்கிறது.

தடுப்பும் பலன் தருகிறது. அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் கரைசலைக் கண்ணில் விட்டுக் கிருமிகளை ஒடுக்குகிறார்கள். கண்புரை அறுவையின் முடிவில் மாக்சிஃபிளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தியதில், பத்தாயிரம் பேரில் 7 பேருக்கு வந்த தொற்று 2 பேராகக் குறைந்தது. அரவிந்த் மருத்துவமனைகளில் 20 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு இது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியம் ஒன்றிலிருந்து கிடைத்தது. கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் வான்கோமைசினும் ஒரு மண் பாக்டீரியம் தந்ததே. நுண்ணுயிரால் வரும் தீங்கை நுண்ணுயிர் தந்த மருந்தாலேயே வெல்கிறோம்!

நீங்கள் செய்யக் கூடியவை

உங்கள் தாத்தாவோ பாட்டியோ கிளாக்கோமா அறுவை செய்துகொண்டவராக இருக்கலாம். மருத்துவர் சொன்னதை அவர்கள் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பது கடினம். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்கலாம்.

கண்ணைக் கசக்க விடாதீர்கள். சொட்டு மருந்து விடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். குப்பியின் முனை இமையில் படக்கூடாது. திறந்து ஒரு மாதமான குப்பியை எறிந்துவிடுங்கள். நம் ஊரில் குளத்திலும் கால்வாயிலும் முங்கிக் குளிப்பது பழக்கம். மாடு குளிப்பாட்டும் நீர் கொப்புளமுள்ள கண்ணுக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் முங்க விடாதீர்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், எண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

அந்தக் கண்ணில் சிவப்பு, வலி, கூச்சம், பீளை, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அதை "மெட்ராஸ் ஐ" என்று எண்ணி மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரசால் வந்து தானே ஆறுவது. கொப்புளத் தொற்று அப்படியல்ல. மேலும் கடையில் வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். அதை நீண்ட நாள் விட்டால் நல்ல கண்ணுக்கே அழுத்தம் ஏறிக் கிளாக்கோமா வரலாம். இது உங்களுக்கும் பொருந்தும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள கண் மருத்துவமனையோ, அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "இந்தக் கண்ணில் கிளாக்கோமா அறுவை நடந்திருக்கிறது." அறுவை நடந்து பத்து ஆண்டு ஆகியிருந்தாலும் இதைச் சொல்ல மறக்க வேண்டாம்.