கொக்கி போடாதே

எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், அப்பாவின் கொக்கி தொங்குகிறது. ஒரு சாண் வளைந்த இரும்பு, உள்ளங்கைக்குள் அடங்குகிற மரப்பிடி. ராயபுரத்தில் ஹார்பர் வேலைக்குப் போனவர்கள் வீட்டிலெல்லாம் அந்தக் காலத்தில் இப்படி ஒன்று இருக்கும். மூட்டையின் காதில் மாட்டி இழுத்தால் பாதி பாரம் தரைக்குப் போய்விடும் என்பார் அப்பா.

சில மூட்டைகளில் கொக்கி போடக் கூடாது. அவற்றின் மேல் கறுப்பு மையில் மூன்று ஆங்கிலச் சொற்கள் அடித்திருக்கும்: ‘யூஸ் நோ ஹூக்ஸ்’. அப்பா நாலாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி முதல் சொல்லைப் படித்தார். யூஸ். அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். கொக்கியைப் போட்டார். சாக்கு கிழிந்து பால் பவுடர் கொட்டியது. மேஸ்திரியிடம் அன்று வாங்கிய ஏச்சைக் கடைசிவரை சிரித்துக்கொண்டேதான் சொல்வார். “படிக்கவே தெரியாதவனா இருந்தா பக்கத்துல கேட்டிருப்பேன்.”

நான் 2001இல் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து ‘டெக்னிக்கல் இங்கிலீஷ்’ முதல் வகுப்பு எனக்கு இந்தக் கொக்கியோடுதான் தொடங்கும். கைப்பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போவேன். 2021இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது. வசதிதான், ஆனால் ஸ்கேனரில் கொக்கி மாட்டிக்கொண்டது. காவலுக்கு இருந்த பையன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குப் பிறகு போட்டோதான் காட்டுகிறேன்.

அந்த மூன்று சொல்லில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எழுதியவர் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்குவார். ஆனால் யார் படிப்பார், எந்த வெளிச்சத்தில், முதுகில் எத்தனை கிலோவோடு என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ‘கொக்கி போடாதே’ என்று தமிழில் இருந்தால், பாதி படித்தவனும் ‘கொக்கி’ என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பான். ஆங்கிலத்திலோ பாதி படித்தவனுக்குக் கிடைத்தது நேர் எதிரான கட்டளை. இந்தச் சிக்கலை உலகம் பிறகு படம் போட்டுத் தீர்த்தது. கொரியர் பெட்டிகளில் ஒயின் கிளாஸ், குடை, மேல் நோக்கிய அம்புக்குறி எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஐ.எஸ்.ஓ. 780 என்ற தர ஏட்டில் இருக்கும் குறிகள் அவை. குறுக்குக் கோடு போட்ட ஒரு கொக்கியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அப்பாவுக்குக் காட்டினேன். “இத அப்பவே போட்டிருக்கலாமே” என்றார்.

டெக்னிக்கல் கம்யூனிகேஷன் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படித்தவன் கை சரியானதைச் செய்ய வேண்டும். கை தப்பு செய்தால் எழுதியவன்மேல்தான் குற்றம்.

இதை நான் எங்கும் படித்து வரவில்லை. எம்.ஏ.வில் படித்தது ஷேக்ஸ்பியரும் கீட்ஸும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மெக்கானிக்கல் முதலாம் ஆண்டு வகுப்பில் ‘நாமினல் காம்பவுண்ட்’ நடத்தச் சொன்னார்கள். ஆயில் டேங்க் என்றால் எண்ணெயை வைக்கும் தொட்டி, ஸ்டீல் டேங்க் என்றால் எஃகால் ஆன தொட்டி. இரண்டு பெயர்ச்சொல் ஒட்டும்போது நடுவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் வேற்றுமைத் தொகை படித்தவர்களுக்கு இது பழைய சங்கதி. முதல் வருஷம் சலிப்பாகத்தான் இருந்தது.

பொறியியல் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர்கள் ‘எஸ் அண்ட் எச்’, அதாவது சயின்ஸ் அண்ட் ஹ்யுமானிட்டீஸ், என்ற துறையில் இருப்போம். கணிதம், இயற்பியல், வேதியியல், நாங்கள் எல்லாரும் ஒரே அறையில். முதல் வருஷம் முடிந்ததும் மாணவர்கள் சொந்தத் துறைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு மிஞ்சுவது அரியர் வைத்தவர்கள், ஆண்டு விழாத் தொகுப்புரை, முதல்வர் அனுப்பும் கடிதங்களில் பிழை திருத்தும் வேலை. அண்ணா பல்கலைக்கழக ஹ்யுமானிட்டீஸ் துறை தயாரித்த ‘இங்கிலீஷ் ஃபார் இன்ஜினியர்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ்ட்ஸ்’ நல்ல புத்தகம், யோசித்து எழுதப்பட்டது. ஆனால் பையன்கள் வாங்கியது கைடு. தேர்வில் ஏதாவது ஒரு பொருள் பற்றி ‘எட்டு இன்ஸ்ட்ரக்ஷன்’ எழுதச் சொல்வார்கள். கைடில் தீ விபத்துக்கான எட்டு வரி இருக்கும். கேள்வி வெள்ளமானாலும் சாலை விபத்தானாலும் அதே எட்டுதான், தீயை எடுத்துவிட்டு வெள்ளத்தைப் போடுவார்கள். ‘லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள்’ என்பது சாலை விபத்துக்கும் வந்திருக்கிறது.

கைடை நான் தூக்கிப் போட்டது 2017இல். அந்த ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் தெற்கே கரையோரம் பரவியது. எர்ணாவூர் கரையில் ஆட்கள் பக்கெட்டில் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். என் வகுப்புப் பையன்கள் சிலரும் போனார்கள். திங்கட்கிழமை கையெல்லாம் கருப்பாக வந்தவனிடம், “நாளைக்குப் புதுசா வர்றவனுக்கு எட்டு வரி எழுது” என்றேன். முதல் வரியே இப்படி இருந்தது: செருப்போடு வராதே, பூட்ஸ் இல்லையென்றால் வராதே. எந்தக் கைடிலும் இல்லாத வரி.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு மொழித் திறன் இல்லை என்று வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்ற கேள்விக்கு மனப்பாடமாக வரும் பதிலை. ‘ஐ ஆம் ஹெய்லிங் ஃப்ரம் திருவொற்றியூர்’ என்று ஆரம்பிக்கும் அது. ‘ஹெய்ல்’ மாலுமிகளின் சொல். ஒரு கப்பல் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று சொல்லப் பயன்பட்டது. தெரியாமலேயே சரியான ஊரில் சரியான சொல்லைத்தான் சொல்கிறார்கள். நான் அதை அடிப்பதில்லை.

உண்மையில் இந்தப் பிள்ளைகள் துல்லியமான தொழில் மொழிக்குள் பிறந்தவர்கள். கிரேன் வேலையில் ‘ஆரியா’ என்றால் இறக்கு, ‘ஹாபீஸ்’ என்றால் தூக்கு. ‘கொஞ்சம் இறக்குங்க அண்ணே’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இரைச்சலில் கேட்காது. ஆரியா போர்த்துகீசிய மாலுமிகளிடமிருந்து வந்தது. ஒரு சொல், ஒரு அசைவு, வேறு அர்த்தமே கிடையாது.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பும் இதையேதான் செய்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 2001இல், கப்பல்கள் பேசிக்கொள்வதற்கான தரப்படுத்திய ஆங்கிலத் தொடர்களை அது ஏற்றுக்கொண்டது. சுருக்கமாக எஸ்.எம்.சி.பி. அதன்படி பதினைந்தை ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லக் கூடாது, ‘ஃபிஃப்டி’ என்று காதில் விழும். ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ‘மே’, ‘மைட்’, ‘குட்’ போன்ற வழவழா வினைகளை ஒதுக்கச் சொல்கிறது. குழப்பம் வரக்கூடிய இடத்தில், சொல்லப் போவது கேள்வியா, எச்சரிக்கையா, கட்டளையா என்று முதலிலேயே அறிவித்துவிடலாம்: ‘வார்னிங்’ என்று சொல்லிவிட்டு எச்சரிக்கை. காசிமேட்டிலிருந்து மெர்ச்சன்ட் நேவிக்குப் போன மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து சொன்னான்: “கப்பல்ல என் இங்கிலீஷ யாரும் சிரிக்கல மேம். எல்லாருக்கும் அவ்வளவுதான் வேணும்.”

இன்னொரு பாடம் காலி டிரம். மணலிப் பக்கம் சாலையோரம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த டிரம்கள். பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒரு அமெரிக்கர், மொழியியலில் பெரிய பெயர். பிழைப்புக்கு அவர் பார்த்தது தீ காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர் வேலை. பெட்ரோல் நிரம்பிய டிரம்களுக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருக்கும் தொழிலாளிகள், ‘எம்ப்டி’ என்று பேர் வைத்த டிரம்களுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிப்பதைக் கவனித்தார். காலி டிரம்மில் ஆவி நிற்கும்; நெருப்புக்கு அதுதான் அதிக ஆபத்து. சொல்தான் அவர்களை ஏமாற்றியது என்று எழுதினார். இதை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அவன் மாமாவுக்கு டிரம் வெட்டும் கடை. “அத்தான் மேம் நாங்க தண்ணி ரொப்பிட்டு வெட்டுவோம்.” அவன் ஆங்கிலத்தில் இரண்டு அரியர். அன்று அவன்தான் வாத்தியார்.

செயப்பாட்டு வினையோடு எனக்குத் தீராத சண்டை. லேப் ரெக்கார்டில் அது இருக்கலாம். ஆனால் ‘வால்வு மூடப்பட வேண்டும்’ என்று சுவரில் எழுதி வைத்தால், யார் மூடுவது? ஷிஃப்டில் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் மற்ற இருவரைப் பார்ப்பார்கள். நம் அலுவலகத் தமிழுக்கு இந்த வியாதி ஆங்கிலத்திலிருந்துதான் தொற்றியது; இப்போது ஆங்கிலத்தைவிட நமக்குத்தான் முற்றிவிட்டது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் ஒரு உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியதும் பாடத்தை நிறுத்தினேன். அந்தக் கரையிலிருந்து வரும் ஒரு மாணவியோடு ஆறு பேரைச் சேர்த்து, குப்பத்துக்காக எட்டு வரி எழுதச் சொன்னேன். இந்த முறை தமிழில். முதல் வரைவு ‘அமோனியா என்பது நிறமற்ற, நெடியுள்ள வாயு’ என்று ஆரம்பித்தது. பரீட்சைப் பழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் அம்மாவின் விமர்சனத்தோடு வந்தாள்: “அதான் மூக்குலயே தெரியுதே. காத்து எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லு. வாடை அடிச்சா தெக்கால ஓடக் கூடாதுன்னு எழுது.”

வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பேர் வைத்துப் பழகிய ஜனங்களுக்கு ‘காற்று வீசும் திசைக்குச் செங்குத்தாக நகரவும்’ என்று எழுதப் போனோம். நான் திருத்திய வரி அது. எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் தேறிய தாளில் முதல் வரி காற்று, இரண்டாவது ஈரத்துணி. வாயுவின் பெயர் எட்டாவது வரியில், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்வதற்காக. சம்பளம் வாங்கிய இத்தனை வருஷத்தில் நான் நடத்திய ஆங்கில வகுப்புகளில் நல்லது எது என்று கேட்டால், ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லாத அந்த வகுப்பைத்தான் சொல்வேன்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், அதன் மேலிருக்கும் பலகையைப் படியுங்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கிய பலகை அது. நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 1203 பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அமோனியா. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணும் அதிலேயே இருக்க வேண்டும். அழிந்து போயிருந்தால் டிரைவரிடம் சொல்லுங்கள்.