கொட்டகையிலிருந்து கூடத்திற்கு

ஒரு திரைப்படம் கொட்டகையில் வெளியாகும் நாள் ஒன்று. அது நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேரும் நாள் மற்றொன்று. இவ்விரு நாட்களுக்கும் நடுவே உள்ள காலத்தையே திரைப்பட வணிகர் இடைவெளி என்று குறிப்பிடுவர். தமிழ்நாட்டில் வாழ்வோருக்கு இது வெறும் வணிகச் செய்தி. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் நமக்கோ, நம் பிள்ளைகள் தமிழ் கேட்கும் வாய்ப்புகளுள் ஒன்று அந்த இடைவெளியைப் பொறுத்திருக்கிறது. நகரின் கோடியிலுள்ள ஏதேனும் ஓர் அரங்கில், காலைக் காட்சி ஒன்று மட்டும், அதுவும் ஒரு வாரத்திற்கு என்று தமிழ்ப் படம் வந்து போகும் ஊர்களில், வீட்டிற்கு வரும் படமே பலருக்கு முதற்காட்சி. ஆதலின் இந்த வருகை எவ்வாறு நிகழ்கிறது, அதனால் நாம் பெறுவது எது, இழப்பது எது என்று ஆராய்வது நன்று.

வீட்டில் படம் காணும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. சோனி நிறுவனம் 1975ஆம் ஆண்டில் பீட்டாமாக்ஸ் கருவியையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். கருவியையும் வெளியிட்டன. அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் இதனைக் கண்டு அஞ்சி வழக்குத் தொடுத்தனர். வீட்டில் பின்னர் பார்ப்பதற்காக ஒளிபரப்பைப் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமும் நின்ற தீர்ப்பு அது. எதனைக் கண்டு அஞ்சினார்களோ, அதுவே பின்னாளில் அத்தயாரிப்பாளருக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தது என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ!

நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதனோடு வீடியோ கருவியும் பரவிற்று. தெருமுனைக் கடையில் காசெட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அண்டை வீட்டாரையும் அழைத்து, விடிய விடிய இரண்டு மூன்று படங்கள் பார்த்த காலம் அது. அந்நாளைய காசெட்டுகளில் மிகப்பல உரிமம் பெறாத பிரதிகளே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பிறமொழிப் படங்களை ஒளிபரப்பியபோது, தமிழ்ப் படத்தின் முறை என்று வரும் எனக் காத்திருந்த குடும்பங்கள் பல. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்ற பின்னர் அக்காத்திருப்பு ஓரளவு தணிந்தது.

அடுத்து வந்தவை தகடுகள். வி.சி.டி. என்னும் தகட்டில் சுமார் 74 நிமிடப் படமே அடங்கும்; எனவே நம் படங்களுக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் தேவைப்பட்டன. 2007ஆம் ஆண்டளவில் மோசர் பேயர் நிறுவனம் உரிமம் பெற்ற வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுப் பிரதிக்கும் நேர்மையான பிரதிக்கும் விலையில் பெரும் வேறுபாடு இல்லாமற் செய்ததே அம்முயற்சியின் சிறப்பு. ஆயினும் தகட்டின் காலம் நீடிக்கவில்லை. 2016ஆம் ஆண்டில் நெட்பிளிக்ஸ், பிரைம் வீடியோ ஆகிய இரு இணையச் சேவைகளும் இந்தியாவில் கால் பதித்தன. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்குமாறு 2018இல் ஆணை பிறந்தது.

இனி, இடைவெளி ஏன் தேவைப்படுகிறது என்பதைக் காண்போம். அரங்கில் ஒவ்வோர் இருக்கைக்கும் தனிக்கட்டணம் உண்டு. வீட்டிலோ ஒரே சந்தாவில் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் பார்ப்பர். படம் விரைவில் வீட்டிற்கு வருமெனத் தெரிந்தால் அரங்கிற்குச் செல்வோர் குறைவர் என்பது அரங்க உரிமையாளரின் கவலை. இணையச் சேவை தரும் தொகை முதலீட்டில் ஒரு பகுதியை முன்னதாகவே மீட்டுத் தருகிறது என்பது தயாரிப்பாளரின் நியாயம். 2013ஆம் ஆண்டு 'விஸ்வரூபம்' படத்தை அரங்குகளுக்கு முன்னரே டி.டி.எச். வழியாக வீடுகளுக்கு அளிக்கக் கமல்ஹாசன் முயன்றபோது இவ்விரு நியாயங்களும் நேருக்கு நேர் மோதின, முயற்சி கைகூடவில்லை.

ஏழாண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் தமிழ்நாட்டு அரங்குகள் மூடப்பெற்றன. மே 29ஆம் நாள் 'பொன்மகள் வந்தாள்' அரங்கு காணாமலே இணையத்தில் வெளியாயிற்று; அரங்க உரிமையாளர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தைத் தனியே நோக்குதல் தகும். 10ஆம் நாள் அரங்குகள் பாதி இருக்கைகளுடன் மீண்டும் திறந்தன. 12ஆம் நாள் சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' பிரைம் வீடியோவிலும், 14ஆம் நாள், தீபாவளியன்று, 'மூக்குத்தி அம்மன்' டிஸ்னி ஹாட்ஸ்டாரிலும் வெளியாயின. சென்னையில் இருந்தவரும் சண்டீகரில் இருந்தவரும் தீபாவளிப் புதுப்படத்தை ஒரே வேளையில் கண்டனர். தொலைவினால் நமக்கிருந்த குறை அம்மாதத்தில் அற்றது. 'சூரரைப் போற்று' பின்னர், 2022இல் அறிவிக்கப்பெற்ற தேசிய விருதுகளில், சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகளைப் பெற்றது.

அரங்குகள் மீண்டும் இயங்கத் தொடங்கியபின் இழுபறி புதுவடிவம் கொண்டது. 2021 ஜனவரி 13இல் அரங்கிற்கு வந்த 'மாஸ்டர்', பதினாறே நாட்களில் வீட்டிற்கு வந்தது. 2023இல் தமிழ்ப் படங்களுக்கு நான்கு வார இடைவெளியே பெரும்பாலும் வழக்காயிருந்தது. வடநாட்டுப் பெருந்தொடர் அரங்குகளோ இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் வேண்டுமென்றன. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பு, இக்காரணத்தினாலேயே அத்தொடர் அரங்குகளிற் காட்டப்பெறவில்லை. இந்தி பேசும் அண்டை வீட்டாரை உடனழைத்துச் செல்ல எண்ணியிருந்த நம்மவர் பலரும் இதன் விளைவை உணர்ந்திருப்பர்.

வீட்டிற்கு வந்த படத்தை நாம் எவ்வாறு பயன்கொள்வது? முதலாவது மொழி. ஒரே படத்திற்குப் பல ஒலித்தடங்கள் உள்ளன. பிள்ளைகளுக்கு எளிதென்று இந்தித் தடத்தை ஓடவிட்டால் தமிழ் கேட்கும் வாய்ப்பு அங்கேயே நழுவும். தமிழ் ஒலியோடு அடிவரி மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வதே நலம். ஆனால் அடிவரிக்கு ஓர் எல்லையுண்டு. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்னும் மூவரும் ஆங்கில அடிவரியில் ஒரே சொல்லாகிவிடுவர். நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் மறையும். ஒரு காட்சியில் மருமகன் திடீரென ஒருமைக்கு மாறும்போது எழும் சீற்றம் அடிவரியைப் படிப்பவருக்கு விளங்காது. அவ்விடத்தில் படத்தைச் சற்றே நிறுத்திப் பிள்ளைக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமை. அரங்கில் கிட்டாத இவ்வசதி வீட்டில் மட்டுமே உண்டு.

இரண்டாவது தரச் சான்று. இணையச் சேவைகள் படங்களை அனைவருக்கும் உரியவை, 7, 13, 16 வயதிற்கு மேற்பட்டோர்க்கு உரியவை, வயது வந்தோர்க்கு மட்டுமே உரியவை என வகைப்படுத்த வேண்டுமென 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 13 முதலான வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் இருத்தல் வேண்டும். ஆனால் பூட்டை இயக்க வேண்டியவர் நாமே.

மூன்றாவது நேர்மை. அரங்கில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்போர்க்கு, 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று இலட்சம் ரூபாயிற் குறையாத அபராதமும் உண்டு. நான்கு வாரம் பொறுப்பது நமக்குப் பெரிதன்று.

இறுதியாக ஒன்று. காசெட்டும் தகடும் நம் அலமாரியில் இருந்தன. இணையப் படமோ நம்முடையதன்று. உரிமக்காலம் முடிந்தால் அது அறிவிப்பின்றி மறையக்கூடும். 1931இல் வெளியான தமிழின் முதற்பேசும்படம் 'காளிதாஸ்' இன்று காணக் கிடைக்கவில்லை. ஒரு பிரதியைப் பேணாமையின் விளைவு அது. ஆதலின் குடும்பத்திற்கு உகந்த பழைய படங்களின் உரிமம் பெற்ற தகடுகள் கையிலிருப்பின், பழையனவென்று கழிக்காமல், அவற்றை இயக்கும் கருவியோடு சேர்த்துப் பேணுவோமாக. புதுப்படம் மாதந்தோறும் வரும். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் தேடப்போகும் பழைய படம், நாம் வைத்திருந்தாலன்றி, வாராமலும் போகலாம்.