வீட்டுக்குள் ஒரு மஸ்டர்

மும்பையில் ஓர் ஆலையின் டைம் ஆபீசில் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று கார்டைப் பார்த்து மஸ்டரில் ஏற்றுவதே என் பிழைப்பு. தாமதமாக வந்தவருக்குச் சிவப்பு மை. தொழிலாளர்களுக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் ஓவர்டைம் கணக்கில் தகராறு வந்தால் அவர்கள் சாட்சிக்கு அழைப்பதும் அதே மஸ்டரைத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் மகள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். ரயிலில் இடிபட வேண்டாமே என்று என் மனைவிக்கு மகிழ்ச்சி. இன்றும் வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு வீடுதான் ஆபீஸ். காலை எட்டரைக்குக் கணினி முன் உட்கார்ந்தால், இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அமெரிக்காக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் டைம் ஷீட் நிரப்புவதை எட்டிப் பார்த்தேன். ஐந்து நாளும் ஒன்பது, ஒன்பது. மொத்தம் 45.

"ஏம்மா, நேற்று ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்திருந்தாயே?"

"ஒன்பதுக்கு மேல் போட்டால் மேலதிகாரி காரணம் கேட்பார் அப்பா. எதற்கு வம்பு?"

பழைய குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இரவு எதற்காக அழைத்தார்கள் என்பதை அன்றன்றே எழுதச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தையும், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் அரை மணியையும் கழித்துவிட வேண்டும். ஒரு நாள் பொய்க்கணக்கு எழுதினாலும் மஸ்டர் முழுவதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

கம்பெனியிடமும் ஒரு கணக்கு உண்டு. சில நிமிடம் கணினியில் கை படாவிட்டால் 'இடத்தில் இல்லை' என்று அது காட்டும். காகிதத்தை வைத்துக்கொண்டு யோசித்த நேரம் அதற்கு வேலையாகப் படாது.

நான்கு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். வாரத்துக்குச் சராசரி 57 மணி! அவள் கண் கலங்கிவிட்டாள். "நான்தான் மந்தமாக வேலை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அப்பா" என்றாள்.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எங்கள் ஆலைக்கு வைத்த வரம்பு வாரத்துக்கு 48 மணி. மகாராஷ்டிரத்தின் 2017-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வைத்ததும் அதே 48தான். அதற்கு மேல் செய்தால் இரண்டிலும் இரு மடங்கு ஊதியம். மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. மகள் சட்டம் பேசப் போகவில்லை. நோட்டை மேலதிகாரியிடம் காட்டினாள். பணம் ஒன்றும் வரவில்லை. ஆனால் இரவு அழைப்பு வாரத்தில் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த நாட்களில் காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தால் போதும்.

சங்க அன்பர்களே, உங்கள் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உழைக்கும் பிள்ளை இருக்கலாம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஆலையில் அவர்களுக்காக எழுத நாங்கள் இருந்தோம். வீட்டில் அவரவர் மஸ்டரை அவரவரேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.