சல்லிவன் யார் பேரன்?

குன்னூர் வாசகர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்: ‘ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் குடும்பப் பெயர் இங்கிலாந்தில் எந்த ஊரைக் குறிக்கிறது?’

அவர் கட்டிய கன்னேரிமுக்கு பங்களாவையும் ஊட்டி கல் பங்களாவையும் பார்க்காத வாசகர் குறைவு. அதனால் நேரே பெயருக்கே போகிறேன். சல்லிவன் 1788இல் லண்டனில் பிறந்தவர்தான், ஆனால் அவர் பெயர் அயர்லாந்துக்காரப் பெயர். அந்த ஊர் மொழியில் ‘ஓ சூலவான்’. ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். ‘சூயில்’ என்றால் கண். மிச்சத்துக்குக் கருவிழியன், ஒற்றைக் கண்ணன் என்று ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். எனக்குக் கருவிழியனைத்தான் பிடித்திருக்கிறது.

பத்தாம் நூற்றாண்டில் இப்பெயரோடு வாழ்ந்த ஒருவரையே இக்குலம் மூதாதை என்கிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயர் ஊன்றியது 1066இல் நார்மானியர் வந்த பிறகுதான். நம் தலைப்பெழுத்தோ தலைமுறைதோறும் உதிர்ந்துவிடும். என் தாத்தாவின் எழுத்து என்னிடம் இல்லை.

அயர்லாந்தின் டிப்பரரியில் இருந்த இக்குலத்தாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மானியர் நெருக்க, கார்க், கெர்ரி மலைப்பக்கம் ஒதுங்கினார்கள். 1602இல் ஆங்கிலேயப் படை அவர்களுடைய டன்பாய் கோட்டையைத் தகர்த்தது. குலத்தின் ஒரு கிளைக்குத் தலைவரான டோனல் காம், கொடும் பனிக்காலத்தில் சுமார் ஆயிரம் பேரோடு வடக்கே நடந்தார். இரண்டு வாரம் கழித்து லீட்ரிம் சேர்ந்தவர்கள் 35 பேர். பிற்பாடு ஆங்கிலேய ஆட்சியில் பலர் ‘ஓ’வையும் உதறிவிட்டார்கள். அப்படித் துரத்தப்பட்ட பெயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோவை கலெக்டராக 1819இல் நம் மலை ஏறியதை என்னவென்பது!

சல்லிவன் இம்மலையில் வாழ்ந்த தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். மலை தோடர்களுடையது என்று பின்னாளில் கம்பெனியிடம் வாதாடியவரும் அவரே. வாங்கியவரின் பாட்டன் பூட்டனை விசாரிக்கும் நாம், விற்றவர்களுடையதை விசாரிப்பதில்லை. ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் விசாரித்தார். இறந்த உறவினர் பெயரைத் தோடர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் ஒரு குடும்பத்து முன்னோரின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். 1906இல் வெளியான ‘தி தோடாஸ்’ நூலின் பின்பகுதியில் அந்த வம்சாவளிகள் அட்டவணை அட்டவணையாக இருக்கின்றன. ரிவர்ஸ் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது. காப்புரிமைத் தடை இல்லை. நீலகிரிப் பள்ளி நூலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தால் காகிதச் செலவோடு முடிந்துவிடும்.