பயிற்சியாளர் எதைப் பார்க்கிறார்?

ஒரு பிள்ளை உயரமாக வளர்ந்தால் ஊரில் என்ன சொல்வோம்? "பனைமரம் மாதிரி வளர்ந்துட்டான். கூடைப்பந்து ஆடலாம்" என்போம். உயரம் இருந்தால் போதுமா? வேறு என்ன வேண்டும்? அந்த விளையாட்டு பிறந்த நாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

கூடைப்பந்து அமெரிக்காவில் பிறந்தது. 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அதை உருவாக்கினார். பழக்கூடையை உயரத்தில் மாட்டி, அதில் பந்து போட்டார்கள். அதனால்தான் இந்தப் பெயர். இன்று கூடை இல்லை. இரும்பு வளையம் இருக்கிறது. அதன் உயரம் 10 அடி. ஓர் அணிக்கு 5 பேர்.

அங்கே கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கின்றன. சேரும் பலருக்கு உதவித்தொகை உண்டு. கல்விக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் போட்டி அதிகம். என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் அங்கே உண்டு. பள்ளி அணிகளில் ஆடும் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேர்தான் அந்தச் சங்கத்தின் கல்லூரி அணிகளுக்குப் போகிறார்கள்.

அந்த நான்கு பேரைத் தேடுவது கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை. பள்ளி ஆட்டங்களுக்கும் கோடைக்காலப் போட்டிகளுக்கும் அவர் நேரில் போகிறார்.

உடலும் திறமையும்

உயரம், கையின் நீளம், வேகம் ஆகியவற்றை முதலில் பார்க்கிறார். குறி தவறாமல் பந்து போடுகிறாரா, கூட்டாளிக்குச் சரியான நேரத்தில் கொடுக்கிறாரா என்றும் பார்க்கிறார். இன்னொன்றும் உண்டு. களத்தில் பத்துப் பேர் ஆடுகிறார்கள். பந்து ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற நேரத்தில் இந்தப் பிள்ளை சும்மா நிற்கிறதா, ஓடிப்போய் எதிர் அணியை மறிக்கிறதா?

உயரம் மட்டுமே எல்லாம் இல்லை. மக்சி போக்ஸ் என்பவரின் உயரம் 5 அடி 3 அங்குலம்தான். கல்லூரியில் ஆடிய பிறகு, 1987 முதல் 2001 வரை பெரிய தொழில்முறை அணிகளில் ஆடினார்.

குணம்

ஸ்டெபன் கர்ரி பள்ளியில் படித்தபோது ஒல்லியாக இருந்தார். பெரிய கல்லூரிகள் அவருக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அன்று கர்ரி மோசமாக ஆடினார். பந்தைத் தவற விட்டார். போட்ட பந்து விழவில்லை. ஆனால் அவர் நடுவர்மீது குறை சொல்லவில்லை. கூட்டாளிகள்மீது பழி போடவில்லை. வெளியே உட்கார வைத்தபோதும் மற்றவர்களை உற்சாகப்படுத்தினார். பயிற்சியாளர் பேசியபோது அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

மெக்கிலப் அதைக் கவனித்தார். கர்ரியைச் சேர்த்துக்கொண்டார். 2008இல் அந்தச் சிறிய கல்லூரி தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. கர்ரி பின்னர் உலகப் புகழ் பெற்றார்.

படிப்பு

என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட ஒரு விதி உண்டு. பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். சராசரி மதிப்பு நான்குக்கு 2.3க்குக் குறையக் கூடாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த விதி பொருந்தும் என்று பயிற்சியாளருக்குத் தெரியும். அதனால் மதிப்பெண்ணைப் பார்க்கிறார். பள்ளி ஆசிரியர்களிடமும் விசாரிக்கிறார்.

நம் நாட்டுப் பிள்ளை ஒருவர் இந்த விதியைச் சந்தித்தார். சத்னம் சிங் பஞ்சாப் மாநிலத்துப் பல்லோ கே கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 7 அடி 2 அங்குல உயரம். 2010இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கப் பள்ளிக்குப் போனார். அப்போது வயது 14. ஆங்கிலம் தெரியாது. கடுமையாக உழைத்தார். ஆனாலும் கல்லூரியில் ஆடுவதற்கான படிப்புத் தகுதி கிடைக்கவில்லை. 2015இல் டல்லாஸ் நகரத் தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்று இந்தியாவில் பிறந்தவரைத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. அது நமக்குப் பெருமை. ஆனால் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆடிப் பழகும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் போயிற்று.

நம் வீட்டில்

"விளையாடினால் படிப்பு கெடும்" என்று பிள்ளையைத் தடுக்கிறோம். "விளையாட்டு இருக்கிறதே, படிப்பு எதற்கு" என்று சிலர் விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறு. நம் நாட்டிலும் பல கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்கும் இதே வழிதான்.

கர்ரி 2009இல் படிப்பை முடிக்காமல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். பணமும் புகழும் வந்தன. ஆனாலும் விட்ட படிப்பைத் தொடர்ந்து, 2022இல் பட்டம் பெற்றார். படிக்க வயது தடையில்லை என்பது நமக்கும் தெரிந்ததுதானே!

பேசிப் பார்ப்போம்

1. தோற்கும்போது ஒருவர் நடந்துகொள்ளும் விதம் எதைக் காட்டுகிறது?
2. நம் ஊரில் பெண் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா?
3. நம் ஊர்ப் பள்ளியில் விளையாட்டு நேரம் எவ்வளவு?