கத்தி உடைவது ஏன், வளைவது ஏன்?

ஆயர் ஈத்தாம் சந்தையில் தேங்காய் வெட்டுபவரின் பாராங்கைக் கவனித்திருக்கிறீர்களா? ஓங்கி ஒரு போடு போட்டால் தேங்காய் பிளக்கிறது. கத்தி உடைவதில்லை, அதன் முனை வளைவதும் இல்லை. பொழுதுபோக்காகக் கத்தி செய்யத் தொடங்குபவரின் முதல் கத்தியோ பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிடும். அதற்குக் காரணம் வடிவம் அல்ல, சூடு.

வடிவம் கொடுப்பது எளிது. எஃகுப் பட்டையை அறுத்து, அரத்தால் தேய்த்தே கத்தியாக்கலாம், சுத்தியல்கூட வேண்டாம். ஆனால் எஃகைப் பார்த்து வாங்க வேண்டும். கட்டுமான இரும்பில் கார்பன் 0.2 விழுக்காடு அளவில்தான் இருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் அது கூர்மையைத் தாங்காது. லோரியின் ஸ்பிரிங் பட்டையில் 0.6 விழுக்காடு வரை உண்டு. பாராங் செய்வோர் அதை விரும்புவது அதனால்தான். ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். புதியவர்களுக்கு ஏறக்குறைய 0.8 விழுக்காடு கார்பன் உள்ள 1080 வகை எஃகு ஏற்றது. துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சவே கூடாது. அதன் புகை நஞ்சு.

எஃகைச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அணுக்களுக்கு இடம் தருகிறது. இந்த நிலை நெருங்குவதைக் காட்ட ஒரு காந்தம் போதும். ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. 800 டிகிரியைச் சற்றே தாண்டியதும் வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் தோய்க்க வேண்டும். சட்டெனக் குளிர்வதால் கார்பன் அணுக்கள் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்கின்றன. இந்த இறுகிய அமைப்பின் பெயர் மார்ட்டென்சைட். இப்போது அரம் வைத்தால் வழுக்கும்.

இங்கேயே நிறுத்துபவரின் கத்திதான் உடைகிறது. இந்நிலையில் அது கண்ணாடி போன்றது; கீழே விழுந்தாலே நொறுங்கலாம். எண்ணெயைத் துடைத்து, உடனே 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். இதை இன்னொரு முறையும் செய்யுங்கள். இதுவே பதப்படுத்துதல். சிக்கிய கார்பனில் ஒரு பகுதி நுண்துகள்களாகப் பிரிய, இறுக்கம் தளர்கிறது. கடினம் சற்றுக் குறைந்து, அடி தாங்கும் திறன் கூடுகிறது. தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு சரி. நீலம் தெரிந்தால் சமையல் கத்திக்கு அது அதிகம்.

சூட்டின் அருமையைத் தமிழகக் கொல்லர்கள் அறிந்திருந்தனர். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் மண்மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவின் இவ்வகை எஃகு ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் ஐரோப்பா சென்றது. அதில் கார்பன் 1.5 விழுக்காடு அளவில் இருந்ததால், அங்குள்ளோர் வழக்கம்போல் கடுஞ்சூட்டில் அடித்தபோது நொறுங்கியது. மங்கிய சிவப்பில் அடித்தால்தான் அது இணங்கும். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடேயும் 1819இல் இந்த எஃகை ஆராய்ந்தார்.

அடுக்குமாடி வீட்டில் உலை மூட்ட வேண்டாம். காய்ச்சும் வேலையைக் கொல்லர் பட்டறையில், தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோக மூடியால் மூடுங்கள். செய்த கத்தியைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றமாகலாம்.

பினாங்கின் ஈரக்காற்றில் இந்த எஃகு விரைவில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.