சட்டப் பட்டத்திற்குப் பின்: மேற்படிப்பா, தொழிலா?

சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்வை எழுதி முடித்த இளைஞர் பலரை எதிர்நோக்கி நிற்பது ஒரே கேள்வி. முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்வதா, வணிகச் சட்டத் தொழிலில் உடனே இறங்குவதா? வசதியுள்ளவர்க்கு இது விருப்பம் பற்றிய கேள்வி. கடன் வாங்கிப் படித்தவர்க்கும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கும் இது பிழைப்பையும் தொட்டு நிற்கும் கேள்வியாகும்.

விரிந்துவரும் துறை

வணிகச் சட்டத்தின் பரப்பு அண்மைக் காலத்தில் பெரிதும் விரிந்துள்ளது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு, 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை வழக்கறிஞர்க்குப் புதிய பணிகளை உருவாக்கின. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் இயற்றப்பட்டபோது, ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கே அது பொருந்திற்று. 2018இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வரம்பை மூன்று லட்சமாகக் குறைத்தது. இதனால் பெருநகர்க்கு வெளியே, மாவட்ட அளவிலும் இத்துறையில் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

மேற்படிப்பு எதற்கு?

வழக்கறிஞராகத் தொழில் புரிய இளநிலைச் சட்டப் பட்டமே போதுமானது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். முதுநிலைப் பட்டம் இன்றியமையாததாவது ஆசிரியப் பணிக்கே. கல்லூரியில் சட்டம் கற்பிக்கவோ, ஆராய்ச்சியில் ஈடுபடவோ விழைபவர் தயங்காமல் மேற்படிப்பில் சேரலாம். முன்பு ஈராண்டுகள் நீடித்த இப்படிப்பை இன்று ஓராண்டிலும் முடிக்க இயலும்.

நீதித்துறைப் பணியை நாடுவோரின் நிலை வேறு. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. இவர்களுக்கு முதலில் வேண்டுவது நீதிமன்றப் பழக்கமே.

அலுவலகம் என்னும் பள்ளி

வணிக வழக்கில் அழைப்பாணை பெற்ற பிரதிவாதி 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிடில் அவ்வுரிமையை இழக்கிறார். இவ்விதியை நூலில் படித்தறிய ஒரு மணி நேரம் போதும். ஆனால், கட்சிக்காரரிடமிருந்து கணக்கேடுகளையும் கடிதங்களையும் காலத்தில் பெற்று, எதிருரையைப் பிழையின்றி வரையும் திறன், மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் உழைத்தே கைவர வேண்டும். ஒப்பந்தம் எழுதுவதும் அத்தகையதே.

எனினும் தொடக்க ஆண்டுகள் கடினமானவை. இளம் வழக்கறிஞர்க்கு மாதந்தோறும் நகர்ப்புறங்களில் 20,000 ரூபாயும் ஊரகங்களில் 15,000 ரூபாயும் வழங்குமாறு இந்திய வழக்கறிஞர் மன்றம் 2024இல் பரிந்துரைத்தது. இது பரிந்துரையே, கட்டளையன்று. ஆகவே, ஓர் அலுவலகத்தில் சேருமுன் உதவித்தொகை எவ்வளவு, எவ்வகை வழக்குகள் கையாளப்படுகின்றன என்பதைக் கேட்டறிவது தவறாகாது. கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்வோர்க்கு மாதச் சம்பளம் உறுதி. ஆனால் முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் பொதுவாக வழக்கறிஞராகத் தொழில் புரிய இயலாது என்னும் விதியை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இடைவழி

இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. சில ஆண்டுகள் தொழில் செய்து, தமக்கேற்ற பிரிவு வரிச் சட்டமா, கம்பெனிச் சட்டமா, நடுவர் தீர்ப்பு முறையா எனத் தெளிந்தபின் மேற்படிப்பில் சேர்பவர் அதனால் அடையும் பயன் மிகுதி. வேலை கிடைக்காமையால் மட்டும் மேற்படிப்பில் சேர்பவரோ, முடிவை ஓராண்டு தள்ளிப்போடுகிறார், கடனும் வளர்கிறது.

சிறுதொழில் நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய தொகையை உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டுமென 2006ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமையை எடுத்துரைத்துப் பணத்தைப் பெற்றுத்தர, அருகிலேயே தேர்ந்த வழக்கறிஞர் இருந்தால்தான் சட்டம் சிறுதொழில் முனைவோர்க்குப் பயன்படும். எந்த வாயிலில் நுழைய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குரிய திறவுகோலைத் தேடிக்கொள்வதே இளம் பட்டதாரிக்கு ஏற்ற வழியாகும்.